அளவு ஜாக்கெட்

தி.நகர்
3-3-2025

அன்புள்ள மதினிக்கு,

சிந்து எழுதுகிறேன். இங்கே அப்பாவின் சர்க்கரையைத் தவிர மற்ற எல்லோரும் நலம். உங்கள் நலத்தையும் காமாக்ஷி அத்தையின் முழங்கால் நலத்தையும் அறிய ஆசை.

தையல் பையில் துணிகளுக்கு அடியில் கடிதம் இருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். வேறு வழியில்லை. என் நம்பர்தான் நம் புடவைக் கடையின் வாட்ஸ்அப் நம்பர். நான் யாருக்கு என்ன அனுப்பினாலும் கல்லாப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் வந்து நிற்கிறது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிறார். விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்று உங்கள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றவர் அவர்தான். மறுநாளே, "நீரஜா தைச்சாத்தான் கஸ்டமருக்குத் திருப்தியா இருக்கு. வேலைய மட்டும் அங்கயே குடுங்க" என்றவரும் அவர்தான். ஆகவே வேலை வரும் பையிலேயே நானும் வருகிறேன். கடையிலிருந்து துரைராஜ் அண்ணன் பையைக் கொண்டுவருவாரே தவிர, உள்ளே நோண்டிப் பார்க்கமாட்டார்.

விஷயம் இதுதான். அண்ணனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். பெயர் லாவண்யா. அடையாறு, பாத்திரக் கடைக்காரர் வீடு. யார் யாரோ சொல்லி உங்கள் காதில் விழுவதைவிட நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

இன்னொன்றும் உண்டு. லாவண்யாவுக்கு ஸ்ரீஹரி என்று ஒரு தம்பி. பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. லாவண்யா இங்கே வருவாள், நான் அங்கே போவேன். எனக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. இதுவரை வந்த பதினோரு வரன்களும் 'அண்ணன் விவாகரத்தானவன்' என்று தெரிந்ததும் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனவர்கள்தான். ஸ்ரீஹரியிடம் இதைச் சொன்னேன். "அப்ப நான் டிபனும் சாப்பிட்டுட்டுத்தான் போவேன்" என்று சட்டமாக உட்கார்ந்து மூன்று தோசை சாப்பிட்டார். மதினி, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருக்கிறது.

அண்ணன்தான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் ஒரு வார்த்தை வாங்குவது எப்படி என்று ஏழு வருஷம் குடித்தனம் நடத்திய உங்களுக்குத் தெரிந்திருக்குமே? மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம்.

என்றும் உங்கள்
சிந்து


மயிலாப்பூர்
4-3-2025

சிந்துவுக்கு நீரஜாவின் ஆசிகள்.

உன் அப்பாவின் சர்க்கரையை நான் விசாரித்ததாகச் சொல்ல முடியாது, நீயே விசாரித்துக்கொள். இங்கே இருவரும் நலம். அம்மா நாலு மாடவீதியையும் சுற்றிவிட்டு வந்து, "ஏண்டி, இந்தக் கால் ஏன் இப்படி வலிக்கறது?" என்று என்னைக் கேட்கிறாள்.

மதினி என்று எழுதாதே. அந்த உறவை நீதிபதி முத்திரை குத்தி முடித்துவிட்டார். அக்கா போதும்.

ஸ்ரீஹரி பற்றி எழுதியது சந்தோஷம். பெண் பார்க்கப் போன வீட்டில் மூன்று தோசை சாப்பிட ஒரு தைரியம் வேண்டும். உன் அண்ணனிடம் வார்த்தை வாங்கும் வித்தை எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் இங்கே ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறேன்?

எனக்குக் கஷ்டம் எதுவும் இல்லை. ஒன்று மட்டும் எழுது. இந்தப் பேச்சு எப்போது ஆரம்பித்தது? அவர் சரி என்றாரா, வேண்டாம் என்றாரா? சும்மாதான் கேட்கிறேன்.

பச்சைப் பட்டுக்கார அம்மாளின் ஜாக்கெட் வெள்ளிக்கிழமை வரும்.

நீரஜா


மயிலாப்பூர்
4-3-2025

சுரேஷ்,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

முந்தாநாள் பெசன்ட் நகர் பீச்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மக்காச்சோளத்துக்கு எலுமிச்சம்பழம் தேய்த்துக் கொடுத்தாய். மறுபடியும் சேர்ந்து வாழலாமா என்று டிசம்பரிலிருந்து ஐந்தாவது தடவையாகக் கேட்டாய். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் சரி என்றேன். உனக்கு வீட்டில் பெண் பார்த்து முடித்திருக்கிறார்கள் என்று சொல்ல அந்த இரண்டு மணி நேரத்தில் உனக்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா? உன் தங்கை எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

விவாகரத்தான புருஷனை வீட்டுக்குத் தெரியாமல் சந்திக்கிறவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிந்துவின் கல்யாணம் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவள் அந்தப் பையனை நிஜமாகவே விரும்புகிறாள். நாள் போகப் போக அவளுக்குத்தான் அடி பலமாக விழும். என்னால் அவளிடம் சொல்ல முடியாது, நீ சொல்ல வேண்டியது. உன் அப்பாவிடம் போய்ச் சொல்.

போனில் கேட்டால் 'அப்புறம் பேசறேன்' என்பாய். அதனால்தான் எழுதிக் கையில் கொடுக்கிறேன். என் எதிரில் படிக்காதே.

நீரஜா


தி.நகர்
17-3-2025

நீரஜா,

நலம். நலமறிய ஆவல்.

படித்தேன். நீ சொல்வது சரி. அப்பாவிடம் சொல்லத்தான் போகிறேன். புது வருஷச் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது, அது முடியட்டும். கோபப்படாதே.

சுரேஷ்குமார்

பின்குறிப்பு: முழங்கால் தைலம் இதனுடன் இருக்கிறது. அம்மாவிடம் கொடுக்கவும்.


தி.நகர்
15-4-2025

அன்புள்ள மதினிக்கு,

அக்கா என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. புத்தாண்டு வாழ்த்துகள். அத்தைக்கு வலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் சுகம் கொஞ்சம் கூடுதல்.

தேதி குறித்தாகிவிட்டது. ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மண்டபம். அண்ணனுக்கும் லாவண்யாவுக்கும், எனக்கும் ஸ்ரீஹரிக்கும் ஒரே மேடையில் நிச்சயம். அண்ணன் என்ன சொன்னான் என்று கேட்டிருந்தீர்களே? "ஒங்க இஷ்டம்பா" என்றான். அவனைப் பொறுத்தவரை அதுவே பெரிய பேச்சு.

நான் இவ்வளவு பைத்தியமாவேன் என்று நினைக்கவில்லை, மதினி. நேற்றுக் கபாலீஸ்வரர் கோயிலுக்கு நாங்கள் நாலு பேரும் வந்தோம். உங்கள் தெரு வழியாகத்தான் நடந்தோம். உங்கள் கடை பூட்டியிருந்தது. ஸ்ரீஹரி எனக்கு ஏற்றாற்போல மெதுவாக நடக்கிறார். லாவண்யாவும் தங்கமான பெண். அண்ணன் பேசாததை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுடைய நிச்சயப் புடவைக்கு ஜாக்கெட்டை நீங்கள்தான் தைக்க வேண்டும். கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரியும். ஆனால் அப்பாவே, "சுத்தமா வரணும், நீரஜாகிட்டயே குடு" என்றுவிட்டார். லாவண்யாவின் அளவு ஜாக்கெட்டைப் பையில் வைத்திருக்கிறேன். கையில் ஆரி எம்பிராய்டரி வேலை, அரக்கு நிறம். முடியாது என்றால் ஒரு வரி எழுதுங்கள்.

சிந்து


மயிலாப்பூர்
12-5-2025

சிந்துவுக்கு,

நலமாக இருக்கிறாயா? நாங்கள் இருக்கிறோம்.

ஜாக்கெட் இதனுடன் வருகிறது. ஆரி வேலைக்கு இருபது நாள் பிடித்தது. முதலில் துணியில் அளவை வரைந்து, அதன்மேல் வேலை செய்து, பிறகுதான் வெட்டித் தைப்பது என்பதால் இனி பிரித்துச் சரிசெய்ய முடியாது. போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லவும்.

உன் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து இதுதான் பதில். மன்னித்துக்கொள். முகூர்த்த மாதம், வேலை அதிகம்.

நீரஜா


தி.நகர்
15-5-2025

நீரஜா அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நேற்று லாவண்யா ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாள். மார்பு தொளதொள. கை இறுக்கம். இடது தோள் மட்டும் நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது. "டெய்லருக்கு வேற யாரோட அளவோ மாறிடுச்சு போல சிந்து" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வாங்கி வந்து மேஜையில் விரித்து டேப் வைத்துப் பார்த்தேன்.

இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். பனகல் பார்க் பக்கம் அண்ணன் வண்டியிலிருந்து நீங்கள் விழுந்து காறை எலும்பு உடைந்த தோள் அது. அதற்கு அப்புறம் உங்கள் எல்லா ஜாக்கெட்டிலும் நீங்களே அரை இஞ்ச் இறக்கித் தைத்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உங்களுடையதைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு, இடது தோளில் ஊசி குத்திக்கொண்டு நான் காலேஜ் போயிருக்கிறேன். உங்கள் அளவு எனக்கு என் அளவைவிட நன்றாகத் தெரியும்.

பன்னிரண்டு வருஷமாகத் தைக்கிறீர்கள். யாருக்கும் அளவு மாறியதில்லை. என் அண்ணனைக் கட்டிக்கொள்ளப் போகிறவளின் நிச்சய ஜாக்கெட்டை மட்டும் உங்கள் அளவுக்கு ஏன் வெட்டினீர்கள்?

இதோடு இன்னொன்றும் கேட்கிறேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கே போகிறான்?

மறைக்காமல் எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிந்து


மயிலாப்பூர்
16-5-2025

சிந்து,

நான் நலமாக இல்லை. மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அண்ணன் என்னைப் பார்க்க வருகிறார். போன நவம்பரில் துரைராஜுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது தையல் பையை அவர்தான் கொண்டுவந்தார். முதல் வாரம் வாசலில் வைத்துவிட்டுப் போனார். இரண்டாவது வாரம் அம்மா, "வாசல்லயே நின்னுண்டு இருக்காரே, உள்ள கூப்பிடேண்டி" என்று காபி கலந்தாள். மூன்றாவது வாரம் பேசினார். ஏழு வருஷமாகப் பேசாததை எல்லாம் பேசினார். உங்கள் வீட்டில் மாடி முழுக்க ஆட்கள், கடை முழுக்க ஆட்கள். என்னோடு தனியாக உட்கார்ந்து பேச அவருக்கு விவாகரத்துதான் தேவைப்பட்டது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று, சிந்து. கல்யாணம் செய்தபோது பிடித்ததைவிட அதிகமாக.

உன் முதல் கடிதம் வரும்வரை லாவண்யா என்று ஒருத்தி இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு உன்னிடம் சொல்லாதது என் தப்பு. அவர் இன்று சொல்வார், நாளை சொல்வார் என்று இருந்தேன். உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் அந்த மூன்று தோசைதான் ஞாபகம் வந்தது. பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

ஜாக்கெட்டை வேண்டுமென்று செய்யவில்லை. அவளுடைய அளவு ஜாக்கெட்டை மேஜையில் வைத்துக்கொண்டுதான் வரைந்தேன். சாக்பீஸ் என் கையில் இருந்தது, மனசு ஜூன் எட்டில் இருந்தது. நீ எழுதிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவளுக்குப் புதுத் துணியில் வேறு தைத்துக் கொடுக்கிறேன்.

நான் விலகிக்கொள்கிறேன். உன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன், இனி வர வேண்டாம் என்று. நீ ஸ்ரீஹரியைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக இரு. இதைப் படித்தவுடன் கிழித்துவிடு.

நீரஜா


தி.நகர்
30-5-2025

நீரஜா அக்காவுக்கு,

பதினான்கு நாளாகப் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் எல்லாம் வசவாகத்தான் வந்திருக்கும். அத்தை சுகமா?

விலகிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அழகாக இருக்கிறது. நீங்கள் விலகினால் லாவண்யாவுக்கு வேறொருத்தியை நினைத்துக்கொண்டிருக்கும் ஊமைப் புருஷன் கிடைப்பான். அதைத் தெரிந்துகொண்டே நான் அவள் பிறந்த வீட்டில் வாழப் போக வேண்டும். இதற்கு எனக்கு நீங்கள் ஆசீர்வாதம் வேறு செய்கிறீர்கள்.

ஆனாலும் உடனே போட்டு உடைக்க எனக்கு மனசு வரவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நானும் நான்கு நாள் நினைத்தேன். எங்கள் அண்ணனின் ரத்தம்தானே எனக்கும். ஐந்தாவது நாள் அடையாறில் ஒரு ஜூஸ் கடைக்கு ஸ்ரீஹரியை வரச் சொன்னேன். "ஒங்க அக்கா கல்யாணம் ஏதோ காரணத்துல நடக்காமப் போச்சுன்னு வைங்க. நம்ம கல்யாணம் நடக்குமா?" என்று கேட்டேன்.

"வீட்டுல கேட்டுச் சொல்றேன் சிந்து" என்றார்.

கொஞ்சம் தயங்கிச் சொல்லியிருந்தால் யோசிக்கிறார் என்று நினைத்திருப்பேன். கேட்ட உடனே வந்தது அந்தப் பதில். இன்றைக்குப் பத்து நாள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. நான் முட்டாள் இல்லை, எனக்குப் புரிகிறது. ஆனாலும் போன் அடித்தால் ஓடுகிறேன்.

நேற்று லாவண்யாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவளுக்குத் தெரியாமல் இன்னொரு நாள் போவது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் அழவில்லை. "இத நீ எதுக்கு வந்து சொல்ற? ஒங்க அண்ணனுக்கு வாய் இல்லையா? மூணு மாசமா தெனமும் அந்தாளுக்குக் குட்மார்னிங் அனுப்பிட்டிருக்கேன்" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை வரை கெடு கொடுத்திருக்கிறேன். அதற்குள் அப்பாவிடம் அவன் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை கடை நடுவில் நின்று நான் சொல்வேன். அழுகிறான். அழட்டும், வாய் இருக்கிறதே.

இனி நான் எழுதும்வரை எழுதாதீர்கள்.

சிந்து


மயிலாப்பூர்
11-6-2025

சிந்து,

எழுதாதே என்றாய். முடியவில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

ஜூன் எட்டு போய்விட்டது. இங்கே யாரும் வரவில்லை, உன் அண்ணனும் வரவில்லை. நேற்றுத்தான் துரைராஜ் பையோடு வந்தார். "இன்னா சொல்றதும்மா. ஐயா கத்துன கத்துல கஸ்டமருங்கோ எடுத்த பொடவைய அப்டியே போட்டுட்டு ஓடிப் பூட்டாங்கோ. சின்னவரு தலைய குனிஞ்சிக்கினு நின்னாரு, ஆனா பேச்சு மட்டும் மாறல. நீரஜாதான் வோணும்னு அதையே சொல்லிக்கினு கீறாரு" என்றார். உன்னைப் பற்றிக் கேட்டேன். "பாப்பா கவுண்டர்ல கீது. சிரிச்சிக்கினு கீது. அதான் பயமா கீது" என்றார்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

நீரஜா


மயிலாப்பூர்
3-8-2025

சிந்து,

எழுதாதே என்று நீ சொன்ன பிறகு உனக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. பைக்குள் வைத்தவை பிரிக்காமலே திரும்பி வந்தன. அதனால் துரைராஜின் கையில் கொடுத்து, உன்னிடம் நேரில் தரச் சொல்லியிருக்கிறேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன வாரம் உன் அப்பா இங்கே வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "இவளையே திரும்பக் கெட்டுததுக்கா மூணு வருசம் கோர்ட்டுக்கு அலைஞ்சோம்?" என்று என் அம்மாவைக் கேட்டார். அம்மா, "நானும் அதையேதான் கேட்டுண்டு இருக்கேன். உள்ள வாங்கோ" என்றாள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் எங்களைத் திட்டினார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸில் தேதி. தனிக் குடித்தனம் என்று உன் அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்று சாட்சி வேண்டும். உன் அப்பா ஒருவர், அம்மா ஒருத்தி. மூன்றாவது நீ வருவாயா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நீரஜா


தி.நகர்
25-8-2025

மதினிக்கு,

நலம். அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் கடிதம் மூன்று வாரமாக என் பர்ஸில் இருக்கிறது. ஆடிக் கூட்டம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடியும் முடிந்துவிட்டது.

ஸ்ரீஹரி போன மாதம் போன் செய்தார். வீட்டில் கோபம் தணியட்டும், ஒரு வருஷம் பொறு என்றார். நான் வேண்டாம் என்றேன். சொல்லி முடித்துக் கவுண்டருக்கு வந்து, ஒரு அம்மாவுக்குப் பதினெட்டுப் புடவை பிரித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் எடுக்கவில்லை. நானே எல்லாவற்றையும் மடித்து வைத்தேன்.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. லேட்டாகச் சொன்னான், ஆனால் சொன்னான். நீங்கள் அவனைத் திரும்பக் கட்டிக்கொள்வதிலும் வருத்தம் இல்லை. உங்களை விட்டால் அவனுக்கு யார்? எனக்கு ஆறாதது ஒன்றுதான். மார்ச்சிலிருந்து மே வரை நான் சந்தோஷமாக இருக்கிறேன், சந்தோஷமாக இருக்கிறேன் என்று உங்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். இது நடக்காது என்று தெரிந்தே அத்தனையையும் படித்தீர்கள். அதற்கு அப்புறமும் பீச்சில் உட்கார்ந்து சோளம் சாப்பிட்டீர்கள் என்று அண்ணன் சொன்னான், அப்போது என் மூன்று தோசை உங்களுக்கு ஞாபகம் வந்ததா? வேறு யார் மறைத்திருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. எனக்கு எழுத உங்களைத் தவிர ஆள் இல்லை. உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதவும் உங்களைத் தவிர யாரும் இல்லை. அதுதான் மூன்று மாதமாக என்னை அரித்தது.

வியாழக்கிழமை வருவேன். கையெழுத்துப் போடுவேன். அன்றைக்கு உங்களோடு பேச மாட்டேன். போட்டோவில் நிற்கச் சொல்லாதீர்கள்.

வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அண்ணனைக் காலையிலேயே கடைக்கு அனுப்பிவிடுங்கள். வேலை எதுவும் வாங்கி வைக்காமல் உங்கள் கடையைப் பூட்டிவிடுங்கள். ஜூன் மாதத்திலிருந்து நான் இன்னும் ஒரு தடவைகூட அழவில்லை.

சிந்து